வரைபடம் சாட்சி சொல்லுமா?

 

தக்கலையில் பீர் முஹம்மது அப்பா அவர்களின் தர்காவுக்கு வருவோரில் பலர், அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் ஒரு நடை பார்த்துவிட்டே ஊர் திரும்புவது வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை, திருவிதாங்கூர் மன்னர்களின் இருப்பிடமாக விளங்கிய மாளிகை அது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எனினும், அரண்மனையின் நிர்வாகம் இன்றளவும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்து வருகிறது. அதைச் சுற்றிக் குடியிருக்கும் மக்களோ எங்கள் நகராட்சிக்கு வரி செலுத்துகின்றனர். ஒரே மண்ணின் மீது எத்தனை எல்லைக் கோடுகள்! ஆனால் மழைநீர் இந்தக் கோடுகளில் எதையும் படித்துப் பார்த்து ஓடுவதில்லை. அது பள்ளத்தைத் தேடி ஓடுகிறது.

இந்த எளிய உண்மையை, நாற்பது வயதைக் கடந்த பின்னர், அதுவும் என்னிடம் ஓதிய ஒரு மாணவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட கதையை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அதில் என் தவறு ஒன்றும் அடங்கியுள்ளது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று கூட்டங்கள், மூன்று கருத்துகள்

எங்கள் மஹல்லாவுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் வக்ஃபு நிலம் உண்டு. முன்னோர் ஒருவர் பிள்ளைகள் ஓதுவதற்கென்று எழுதி வைத்துச் சென்ற தென்னந்தோப்பு அது. கிழக்கே சாலை, மேற்கே குளம். மத்ரஸா இப்போது பள்ளிவாசலையொட்டிய பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடக்கிறது. அதன் உத்தரங்கள் செல்லரித்துவிட்டன. அடுத்தடுத்த இரண்டு மழைக்காலங்களுக்கு மேல் அந்தக் கூரையை நம்பவேண்டாம் என்று பொறியாளர் ஒருவர் சொல்லிவிட்டார். ஆகவே புதிய கட்டடம் வேண்டும். எங்கே கட்டுவது?

தோப்பின் கிழக்கு மூலையில், சாலைக்கு அருகே கட்டலாம் என்றனர் சிலர். குளக்கரையில், மேற்குப் பக்கம் கட்டலாம் என்றனர் வேறு சிலர். நானும் அவர்களில் ஒருவன். பழைய கட்டடத்தை இடித்து, அதே இடத்தில் தூண் எழுப்பி மாடியாகக் கட்டி, தோப்பைத் தொடாமல் விடலாம் என்றனர் மூன்றாம் அணியினர். சாலையோரத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் மத்ரஸாவுக்கு வருமானம் வருமே என்று நான்காவது குரல் ஒன்றும் எழுந்தது.

மூன்று வெள்ளிக்கிழமைகள், ஜும்ஆவுக்குப் பின் மூன்று கூட்டங்கள். உரத்த குரல் உடையவர் வென்றதுபோல் தோன்றும். மறுவாரம் இன்னும் உரத்த குரல் ஒன்று வரும். ஒருவர் சொல்லும் இடம் மற்றவர் மனக்கண்ணில் தெரிவதில்லை. எல்லோரும் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தது வெவ்வேறு நிலம். உங்கள் ஊர்க் கூட்டங்களிலும் இது நடப்பதுண்டு அல்லவா?

மூன்றாம் கூட்டத்தின் முடிவில், கல்லூரியில் புவியியல் படித்துவிட்டு வந்திருந்த என் பழைய மாணவர் எழுந்தார். "உஸ்தாது, அனுமதி தந்தால் எல்லாருடைய யோசனையையும் ஒரே படத்தில் வரைந்து காட்டுகிறேன். பிறகு பேசலாம்" என்றார்.

கண்ணாடித் தாளிலிருந்து கணினிக்கு

அவர் பயன்படுத்தியது கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள். 2002-ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கி, பின்னர் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இம்மென்பொருளுக்கு விலை ஒரு காசும் இல்லை. எவரும் இறக்கிப் பயன்படுத்தலாம். வரைபடம் வரைவதோடு, வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்குப் போடவும் அதனால் முடியும்.

இந்த அடுக்கும் கலையைப் புகழ்பெறச் செய்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன் மெக்ஹார்க் என்னும் பேராசிரியர். 1960-களில் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் ரிச்மண்ட் பார்க்வே என்ற பெருஞ்சாலை ஒன்றைக் காட்டின் வழியே கொண்டுசெல்லத் திட்டமிட்டனர். மெக்ஹார்க் குழுவினர் ஒளி ஊடுருவும் தாள்களை எடுத்துக்கொண்டனர். ஒரு தாளில் நிலச்சரிவு, ஒன்றில் மண்ணின் தன்மை, ஒன்றில் நீரோட்டம், ஒன்றில் காடு, ஒன்றில் குடியிருப்பு, ஒன்றில் வரலாற்றுச் சின்னங்கள் என்று தனித்தனியே வரைந்தனர். எங்கே சாலை போட்டால் இழப்பு அதிகமோ, அங்கே கருமை தீட்டினர். பின்னர் எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒளியில் பிடித்துப் பார்த்தனர். எந்தப் பாதை வெளிச்சமாகத் தெரிந்ததோ, அதுவே குறைந்த இழப்புடைய வழி! 1969-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதை விளக்கினார். மக்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, அந்தக் காட்டைப் பிளந்து செல்லவிருந்த பகுதி கட்டப்படவே இல்லை. அக்காடு இன்றும் மக்கள் உலவும் பசுஞ்சோலையாக இருக்கிறது.

இதே வேலையைக் கணினிக்குக் கொடுத்தவர் ரோஜர் டாம்லின்சன். கிழக்கு ஆப்பிரிக்காவில் மரம் வளர்க்கத் தக்க இடம் தேடும் பணி அவருடைய நிறுவனத்துக்கு வந்தது. தேவையான வரைபடங்களைக் கையால் அடுக்கி ஆராய்வதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாத அளவு பெரியதாக இருந்தது. இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அதன் விளைவாக 1960-களில் கனடா நாட்டின் நிலவளங்களைக் கணிக்க அவர் முன்னின்று உருவாக்கியதே, புவியியல் தகவல் முறை என்று இன்று நாம் அழைக்கும் கலையின் தொடக்கம்.

நம் மண்ணுக்கும் வரைபடம் புதிதன்று. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து விரிவான குறிப்புகளோடு பதிந்தனர். அவை ஆளுவோரின் பார்வைக்கு வரையப்பட்டவை. அன்று படைக்கும் அரசுக்கும் மட்டும் எட்டிய கருவி, இன்று ஓட்டுக் கூரையின் கீழ் ஓதிய ஒரு பிள்ளையின் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. இதை எண்ணும்போது வியப்பாக இல்லையா?

நிலத்தைக் கேட்டோம்

முதலில் மாணவர், விண்ணிலிருந்து எடுத்த உயரக் கணக்கை எங்களுக்குக் காட்டினார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று பதினொரு நாள் பறந்து, ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தது. அந்தக் கணக்கு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரு கட்டம் என்பது 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது ஏறத்தாழ 22 சென்ட். எங்கள் தோப்பு முழுவதுமே ஐந்தரைக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்! போதாக்குறைக்கு, ரேடார் தென்னையின் தலையையும் தரையோடு சேர்த்துக் கணக்கிட்டுவிடும். "ஒரு மாவட்டத்தைப் பார்க்க இது போதும். நம் தோப்புக்கு இது உதவாது" என்றார் அவர்.

ஆகவே, கொத்தனார்கள் பயன்படுத்தும் எளிய கருவியை எடுத்துக்கொண்டோம். நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்தான் அது. தோப்பில் நாற்பது இடங்களில் மட்டம் பார்த்தோம். ஓதும் பிள்ளைகளே குழாயைப் பிடித்தனர். இந்த நாற்பது புள்ளிகளையும் கொடுத்தால், இடைப்பட்ட இடங்களின் உயரத்தை மென்பொருள் கணித்துக்கொள்கிறது. இரண்டு மீட்டருக்கு ஒரு கட்டம் என்று தோப்பு சுமார் 1,200 கட்டங்களாகப் பிரிந்தது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த நிலம், சாலைப் பக்கத்தைவிடக் குளத்துப் பக்கம் மூன்றரை அடி தாழ்ந்திருந்தது! நாற்பது ஆண்டுகளாக அதன்மேல் நடந்தும் எனக்கு அது தெரியவில்லை.

அடுத்து, வருவாய்த் துறையின் புலப்படத்திலிருந்து எல்லைகளை வரைந்தோம். பிறகு மூத்தோரின் நினைவைக் கேட்டோம். 1992 நவம்பர் பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது? 2021 நவம்பர் மழையில் எதுவரை நின்றது? வயது முதிர்ந்த உம்மா ஒருவர், கைத்தடியால் ஒரு தென்னையைத் தட்டி, "இந்த மூட்டில்தான் என் செம்பு மிதந்து வந்து நின்றது" என்றார். அந்தத் தென்னையையும் படத்தில் குறித்தோம். எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லாத தகவல் அது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இடம் தேர்வதில் வரும் நிபந்தனைகள் இரு வகை. ஒன்று, மீறவே கூடாத எல்லை. மற்றொன்று, கூட்டிக் குறைத்துப் பார்க்கத்தக்க நன்மை தீமை. வக்ஃபு செய்தவர் எழுதிய நிபந்தனை முதல் வகை. பிள்ளைகள் ஓதுவதற்கென்று எழுதிய நிலத்தில் கடை கட்டும் யோசனை, எவ்வளவு வருமானம் தந்தாலும், கணக்குக்குள்ளேயே வராது. குளத்துப் புறம்போக்கில் ஓர் அடியும் நமக்கு உரியதன்று, அதுவும் அப்படியே. பழைய கூரையை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழிதான். அதையும் படத்தில் வைத்தோம். பிள்ளைகளின் தலைமீது விழக்கூடியது என்பதால் அதுவும் நீங்கியது. எஞ்சியவை மூன்று யோசனைகள்.

ஒவ்வொன்றையும் நான்கு வகையில் அளந்தோம்: வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு, பிள்ளைகள் நடந்துவரும் வழி, செலவு, அமைதி. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஐந்து மிக நன்று. கிழக்கு மூலை முறையே 4, 3, 3, 3 பெற்றது. குளக்கரை 1, 2, 4, 5 பெற்றது. பழைய இடத்து மாடி 5, 4, 1, 2 பெற்றது. வெள்ளத்துக்கு நூற்றில் 40 பங்கு, வழிக்கு 30, செலவுக்கு 20, அமைதிக்கு 10 என்று எடை கொடுத்துப் பெருக்கிக் கூட்டினார் மாணவர். மாடிக்கு 3.6, கிழக்கு மூலைக்கு 3.4, குளக்கரைக்கு 2.3 வந்தன. திரையில் நான் விரும்பிய குளக்கரை சிவந்து நின்றது.

என் தவறு

வாசகர்களே, இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்திய இரவு, மாணவரின் அருகே அமர்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மத்ரஸாவுக்கு அமைதிதானே உயிர்! அதற்குப் பத்துப் பங்கு மட்டும் கொடுப்பது நியாயமா? நாற்பது கொடுத்து, மற்றவற்றுக்கு இருபது இருபது கொடுத்துப் பாருங்கள்" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். மறுப்புச் சொல்லாமல் எண்களை மாற்றினார்.

ஒரு விநாடிதான். சிவந்திருந்த குளக்கரை பச்சையானது! குளக்கரைக்கு 3.4, கிழக்கு மூலைக்கு 3.2, மாடிக்கு 2.8.

"பார்த்தீர்களா! கணினியே சொல்கிறது" என்று மகிழ்ந்தேன்.

"கணினி சொல்லவில்லை உஸ்தாது. நீங்கள் சொன்னதை அது திருப்பிச் சொல்கிறது" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோப்பின் ஈரம் மாறிவிட்டதா? மூன்றரை அடிப் பள்ளம் மேடாகிவிட்டதா? அந்த உம்மாவின் செம்பு மிதக்கவில்லை என்று ஆகிவிடுமா? எதுவும் மாறவில்லை. என் விருப்பம் மட்டும் எண்ணாக வேடம் பூண்டு வந்து நின்றது. மறுநாள் அந்தப் பச்சைப் படத்தைக் கூட்டத்தில் காட்டியிருந்தால், கணக்கு அறியாத எளிய மக்கள், விஞ்ஞானம் சொல்லிவிட்டது என்று வாய்மூடி இருந்திருப்பர். பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சியத்தின் கொடுமையைப் பாடம் நடத்தும் நான், ஒரு வரைபடத்தைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்திருக்கிறேன்!

நான் விரும்பிய அமைதி உண்மையான தேவைதான். அதைக் கேட்டதில் குற்றமில்லை. முடிவைப் பார்த்த பின்னர், அந்த முடிவு மாறவேண்டும் என்பதற்காகவே எடையை மாற்றியதுதான் குற்றம். அதுவும் பிறர் அறியாமல் மாற்றியது இன்னும் பெரிய குற்றம். இந்த எடைகளை முறையாகத் தேர்வதற்கு 1970-களில் தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர் ஒரு வழி வகுத்தார். இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு, எது எதைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் கொடுத்துக்கொண்டே போகும் முறை அது. ஆனால் எந்த முறையும், எண் கொடுப்பவரின் உள்ளத்தைத் தூய்மை செய்து தராது.

மூன்று கணக்குகள்

மறுநாள் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்லி, படத்தைப் பார்க்கும் முன்பே எடைகளை எழுதித் தருமாறு வேண்டினோம். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு தாளில், நாங்கள் ஓதிக்கொடுப்போர் ஒரு தாளில், பிள்ளைகளின் தாய்மார்கள் ஒரு தாளில். தாய்மார்களை எதற்குக் கேட்கவேண்டும் என்று ஒருவர் வினவினார். பள்ளியிலிருந்து களைத்து வந்த பிள்ளையைக் கைப்பிடித்து மத்ரஸாவுக்கு அனுப்புவது யார்? மஃரிபுக்குப் பின் வாசலில் நின்று வழி பார்ப்பது யார்? அந்த மூன்று கூட்டங்களிலும் அவர்களில் ஒருவர்கூட இருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நிர்வாகிகள் செலவுக்கு 40, வெள்ளத்துக்கு 30, வழிக்கு 20, அமைதிக்கு 10 கொடுத்தனர். தாய்மார்கள் வழிக்கு 50, வெள்ளத்துக்கு 30, மற்றவற்றுக்குப் பத்துப் பத்து. ஆசிரியர்கள் அமைதிக்கு 40, மற்றவற்றுக்கு இருபது இருபது. இம்முறை எல்லோர் முன்னிலையிலும் எழுதினோம்.

நிர்வாகிகள் கணக்கில் கிழக்கு மூலை 3.3, மாடி 2.9, குளக்கரை 2.8. தாய்மார்கள் கணக்கில் மாடி 3.8, கிழக்கு மூலை 3.3, குளக்கரை 2.2. ஆசிரியர்கள் கணக்கில் குளக்கரை 3.4, கிழக்கு மூலை 3.2, மாடி 2.8. மூன்று படங்களையும் அருகருகே சுவரில் ஒட்டினார் மாணவர்.

கூட்டத்தில் அமைதி நிலவியது. மாடி ஒரு தாளில் உச்சியிலும் மற்றொன்றில் அடியிலும் இருந்தது. குளக்கரையும் அப்படியே. கிழக்கு மூலை மட்டும் எந்தத் தாளிலும் கடைசியில் இல்லை. நிர்வாகிகளைத் தவிர வேறு எவருக்கும் அது முதல் விருப்பம் இல்லை. ஆனால் எவரையும் அது கைவிடவும் இல்லை.

அப்போது தாய்மார்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கிழக்கு மூலையில் அவர்களுக்கு இருந்த ஒரே அச்சம், வாகனங்கள் விரையும் சாலையை நோக்கி வாசல் இருப்பது. வாசலைப் பின்புறச் சந்துக்குத் திருப்பி, அங்கே ஒரு விளக்குக் கம்பமும் நட்டால் போதும் என்றனர். அந்தச் சந்து எங்கள் படத்தில் இல்லவே இல்லை! மாணவர் அதை வரைந்தார். கிழக்கு மூலையின் வழி மதிப்பெண் 3 என்பது 4 ஆயிற்று. மீண்டும் கணக்கிட்டபோது தாய்மார்கள் தாளில் 3.8, மாடிக்குச் சமம். ஆசிரியர்கள் தாளில் 3.4, என் குளக்கரைக்குச் சமம். நிர்வாகிகள் தாளில் 3.5, முதலிடம். மூன்று வெள்ளிக்கிழமைச் சச்சரவைத் தீர்த்து வைத்தவை ஒரு வாசலும் ஒரு விளக்கும்தான்.

ஊரைத் தாண்டி

ஒரு தோப்புக்கே இத்தனை எச்சரிக்கை தேவையென்றால், ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு வேண்டும்! 2016 ஜூலையில், குளச்சலுக்கு அருகே இனயத்தில் சரக்குப் பெட்டகப் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் வழங்கியது. கரையோர மக்கள் திரண்டு எதிர்த்தனர். பின்னர் இடம் கிழக்கே, கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரைக்கு மாற்றப்பட்டது. அங்குள்ள மக்களும் எதிர்த்தனர். இன்றுவரை இரண்டு இடத்திலும் துறைமுகம் எழவில்லை. இதற்கிடையே கேரளக் கரையில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

துறைமுகம் வேண்டும் என்போருக்கும் நியாயம் உண்டு. பன்னாட்டுக் கப்பல் பாதை நம் முனைக்கு அருகே செல்கிறது. வேலையற்ற இளைஞர் பல்லாயிரவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகின்றனர். வேண்டாம் என்போருக்கும் நியாயம் உண்டு. வீடும் கரையும் தொழிலும் போய்விடும் என்ற அச்சம் அவர்களுடையது. நான் கேட்பது வேறொன்று. இனயமா, கோவளமா என்று இரண்டை ஒப்பிடும்போது, எங்குமே வேண்டாம் என்ற மூன்றாவது படமும், பக்கத்திலேயே ஒரு துறைமுகம் வருகிறது என்ற நான்காவது படமும் மக்கள் முன் சுவரில் ஒட்டப்பட வேண்டாமா? ஒவ்வொரு படத்திலும் யாருக்கு இழப்பு என்று எழுதப்பட வேண்டாமா?

சாதாரண வரைபடத்தில் கடல் வெறும் நீல வண்ணமாகத் தெரியும்; யாரும் இல்லாத காலி இடம் போல. ஆனால் எங்கள் கடலோரச் சகோதரர்களைக் கேளுங்கள். கரையிலுள்ள மலை முகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, கடலுக்கடியில் மீன் கூடும் பார்களை அவர்கள் கண்டறிவர்.  ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. அந்த அறிவு படத்தில் ஏறாதவரை, அங்கே இழப்பு இல்லை என்றே மென்பொருள் கணக்குக் காட்டும். எங்கள் படத்தில் அந்தச் சந்து இல்லாமல் போனது போலத்தான்!

ஒரு கிணற்றின் பாடம்

இடம் தேர்வதில் ஆலோசனை கேட்பது நமக்குப் புதிய பாடமன்று. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் நெருங்கி வந்து, இவ்விடம் இறைக் கட்டளையால் தேர்ந்ததா, அல்லது கருத்தின் அடிப்படையில் தேர்ந்ததா என்று வினவியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கருத்தே என்று அறிந்ததும், நீர்நிலைக்கு அருகே வேறோர் இடத்தை அவர் எடுத்துரைத்தார். அந்த யோசனை ஏற்கப்பட்டது. பாசறை இடம் மாறியது. மீறக்கூடாத எல்லை எது, மாற்றத்தக்க கருத்து எது என்று முதலில் பிரித்துக் கேட்ட அந்த நபித்தோழரின் கேள்வியை எண்ணிப் பாருங்கள். நிலத்தை அறிந்தவர் சொன்னபோது, தலைமை தன் முதல் முடிவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நானோ ஒரு குளக்கரைக்காக எண்ணையே மாற்றினேன்!

நீங்கள் செய்யக் கூடியது

உங்கள் மஹல்லாவில் பள்ளிவாசலுக்குக் கழிவறை கட்டவேண்டியிருக்கலாம். மையவாடிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவேண்டியிருக்கலாம். உங்கள் வீட்டிலேயே கிணறா, கூடுதல் அறையா என்ற பேச்சு இருக்கலாம். கணினி இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒளி ஊடுருவும் தாள் நான்கும் வண்ணப் பேனாவும் போதும்.

முதலில், மீறக்கூடாத எல்லைகளை எழுதுங்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதையும் ஒரு யோசனையாகச் சேருங்கள். எடைகளை முடிவு பார்க்கும் முன்னரே, பலர் முன்னிலையில் எழுதுங்கள். பிறகு அந்த எடைகளைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பாருங்கள். சிறு மாற்றத்துக்கே முடிவு தலைகீழாகுமானால், அந்த முடிவை நம்பிக் கல் நடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்துக்கு வராதவர் யார் என்று கேளுங்கள். படத்தில் விடுபட்ட சந்து அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் கட்டடம் இன்னும் எழவில்லை, நிதி திரட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த மூன்று படங்களும் மத்ரஸாச் சுவரில் இன்றும் ஒட்டியிருக்கின்றன. அவற்றுக்கு அருகே நான்காவதாக ஒரு படத்தையும் ஒட்டச் சொன்னேன். நான் தனியே அமர்ந்து எடையை மாற்றிய இரவில், குளக்கரை பச்சையாகத் தெரிந்த படம் அது. மாணவர் முதலில் தயங்கினார். "இருக்கட்டும். கணக்குப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்" என்றேன்.

வரைபடம் சாட்சி சொல்லும், வாசகர்களே. நாம் எதைச் சொல்லச் சொன்னோம் என்பதற்கும் அதுவே சாட்சி.